இளையோர் ஃபேன்டஸி, டிஸ்டோப்பியா நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வகை நாவல்களைப் படித்து முடித்தவர்களுக்கும், படிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறோம். உதாரணங்களுக்கு ஒருசில புத்தகங்களையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டோம். அதிகம் பேர் கேட்பது அவற்றைப் பற்றித்தான். 11-ஆம் கேள்வி முதல் கதையின் ரகசியங்களும் முடிவுகளும் வெளிப்படையாக வரும். படிக்காதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

1. 'யங் அடல்ட்'னா சின்னப் பசங்க புத்தகம்தானே? பெரியவங்க படிக்கலாமா?

தாராளமாக. 'யங் அடல்ட்' என்பது பதிப்பகங்களும் நூலகங்களும் போட்டுக்கொண்ட வயதுக்கோடு, ஏறத்தாழ 12 முதல் 18 வரை. அதற்குக் கீழே 8 முதல் 12 வரை 'மிடில் கிரேட்' என்று தனியாக ஒன்று உண்டு. புத்தகத்தை எந்த அலமாரியில் அடுக்குவது என்பதற்கான கோடு இது. யார் படிக்கக் கூடாது என்பதற்கானது அல்ல.

இந்தக் கதைகளின் நாயகர்களுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 வயது. பெற்றோர் இறந்திருப்பார்கள், அல்லது கையாலாகாதவர்களாக இருப்பார்கள். அதனால் பெரியவர்கள் எடுக்க வேண்டிய முடிவு பிள்ளையின் தலையில் விழும். மொழி எளிமையாக இருக்கும், விஷயம் அப்படி இருக்காது. 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' (2000) பிரிட்டனின் விட்பிரெட் விருதில் 2001-க்கான ஆண்டின் சிறந்த நூலாகத் தேர்வானது. சிறுவர் நூல் ஒன்று அந்த ஒட்டுமொத்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை.

2. ஃபேன்டஸிக்கும் டிஸ்டோப்பியாவுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுமே இல்லாத உலகம்தானே?

ஒரு சோதனை இருக்கிறது. கதையில் நடக்கும் கொடுமையை ஒரே ஓர் அரசாணையால் நிறுத்த முடியுமா? முடியும் என்றால் அது டிஸ்டோப்பியா, அதாவது மனிதர்களே கட்டிவைத்த கொடிய சமுதாயத்தின் கதை. 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) கதையில் வரும் பானெம் நாட்டில், குலுக்கலில் பிடித்த பிள்ளைகளை ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வைத்து அதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். அதிபர் நினைத்தால் நாளைக்கே அந்தப் போட்டியை நிறுத்தலாம், அவர் நினைக்கவில்லை. 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) கதையில் கெட் என்ற இளைஞன் கர்வத்தில் அவிழ்த்துவிட்ட நிழலை எந்த ராஜாவாலும் தடுக்க முடியாது. அது ஃபேன்டஸி.

படிக்கும்போது நமக்குள் எழும் உணர்ச்சியும் அதனால்தான் வேறாக இருக்கிறது. ஃபேன்டஸியில் வியப்பும் பயமும், டிஸ்டோப்பியாவில் கோபம். இரண்டையும் கலந்தவையும் உண்டு: 'ரெட் குவீன்' (2015) நாவலில் வெள்ளி நிற ரத்தம் உள்ளவர்களுக்கு மந்திர சக்தியும் இருக்கும், ஆட்சியும் இருக்கும்.

3. இங்கிலீஷ் நாவல் படிச்சுப் பழக்கம் இல்ல. எதுல ஆரம்பிக்கலாம்?

'தி கிவர்' (1993). 23 அத்தியாயங்கள், சுமார் 43 ஆயிரம் சொற்கள், சின்னச் சின்ன வாக்கியங்கள். அடுத்து 'தி ஹங்கர் கேம்ஸ்': ஏறக்குறைய ஒரு லட்சம் சொற்கள், ஆனால் வேகமாக ஓடும். 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' (2015) போன்றவற்றை முதல் புத்தகமாக எடுக்க வேண்டாம். ஐந்து பேரின் கண் வழியாகக் கதை மாறி மாறி வரும். போதாததற்கு அந்த ஊரின் கொச்சையும் சேர்ந்துகொள்ளும்.

தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைத் திறந்தால் பத்தாம் பக்கத்தில் சலித்துவிடும். ஒரு சொல் மூன்றாம் முறை வந்து, அப்போதும் புரியாவிட்டால் மட்டும் பாருங்கள். 'ட்ராக்கர் ஜாக்கர்' மாதிரி ஆசிரியரே உண்டாக்கிய சொற்கள் எந்த அகராதியிலும் கிடைக்காது. அவற்றின் விளக்கம் கதைக்குள்ளேயே வந்துவிடும்.

4. ஃபேன்டஸி நாவல்ல முதல் நூறு பக்கம் தலையும் புரியல காலும் புரியல. விட்டுடலாமா?

என்ன புரியவில்லை என்று பார்க்க வேண்டும். ஊர், குலம், பதவிப் பெயர்கள் மட்டும்தான் குழப்புகின்றன என்றால் தொடருங்கள். ஆசிரியர் வேண்டுமென்றே விளக்காமல் நடக்கிறார், போகப்போகத் தெளியும். யாருக்கு என்ன ஆனாலும் உங்களுக்குக் கவலை இல்லை என்ற நிலை கால்வாசிப் புத்தகம் தாண்டியும் நீடித்தால் மூடிவிடலாம். குற்றமில்லை.

ஒரு துண்டுக் காகிதத்தையே பக்க அடையாளமாக வைத்து, அதில் மூன்றே விவரம் எழுதுங்கள்: பெயர், எந்தப் பக்கத்து ஆள், ஓர் அடையாளம். முன்பக்கத்து வரைபடத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் புரட்ட வேண்டியதில்லை. இணையத்தில் மட்டும் தேடாதீர்கள். கதாபாத்திரத்தின் பெயரைத் தட்டும்போதே 'எப்படிச் செத்தார்' என்று தேடல் பெட்டி எடுத்துக்கொடுக்கும். இன்னொன்று, முதல் அத்தியாயத்து ஆள்தான் நாயகன் என்று நினைத்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' ஒரு காவலாளியின் பார்வையில் தொடங்கும். அவன் பார்வை அதற்குப் பிறகு வருவதில்லை.

5. 'ஹங்கர் கேம்ஸ்' எடுத்தா கீழ வைக்க முடியல, விடிஞ்சுடுது. அப்படி என்னதான் வச்சிருக்காங்க?

கட்டுமானம். மூன்று பாகம், பாகத்துக்கு ஒன்பது அத்தியாயம், ஆக 27. தொடரின் அடுத்த இரண்டு புத்தகங்களுக்கும் இதே கணக்கு. சூசன் காலின்ஸ் நாவலுக்கு வருமுன் குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதியவர். அத்தியாயத்தை ஒரு நிகழ்ச்சியின் நடுவில் வெட்டுவது அவருக்குக் கைவந்த வேலை. முதல் அத்தியாயமே குலுக்கலில் ஒரு பெயர் வாசிக்கப்படும் இடத்தில் அறுபடுகிறது. எனவே அத்தியாய முடிவில் நிறுத்தலாம் என்று நினைத்தால் நிறுத்தவே முடியாது. அத்தியாயத்தின் நடுவில், அவர்கள் சாப்பிடும் அல்லது தூங்கும் இடத்தில் மூடி வையுங்கள்.

இரண்டாவது காரணம், கதை சொல்லும் விதம். நாயகி காட்னிஸ் 'நான்' என்று, அதுவும் நிகழ்காலத்தில் சொல்கிறாள். 'ஓடினேன்' என்று சொல்பவள் உயிர் பிழைத்துத்தான் சொல்கிறாள் என்பது நமக்குத் தெரிந்துவிடும். 'ஓடுகிறேன்' என்பவளிடம் அந்த உத்தரவாதம் கிடையாது. அவளுக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரியாது. இதை நினைவில் வையுங்கள், 11, 15 ஆகிய பதில்களுக்கு இதுதான் சாவி.

6. பொண்ணுக்குப் பதினோரு வயசு. கொடுக்கலாமா, வேண்டாமா?

முதலில் நீங்கள் மூன்று அத்தியாயங்களைப் படித்துப் பாருங்கள்: 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலின் 11, 18, 25. வன்முறை உச்சத்தில் இருப்பதும் மனதைப் பிசைவதும் அங்கேதான். 11-ஆம் அத்தியாயத்தில் போட்டியின் முதல் நாளிலேயே பதினொரு பேர் சாகிறார்கள், எல்லோரும் 12 முதல் 18 வயதுக்காரர்கள். இதை உங்கள் மகள் தாங்குவாள் என்று தோன்றினால் முதல் புத்தகம் சரி. மூன்றாவது புத்தகத்தில் சித்திரவதையும் குண்டுவீச்சும் வருவதால் 13, 14 வயதுவரை பொறுப்பது நல்லது. காதல் காட்சிகள் முத்தத்தோடு நின்றுவிடும்.

'தி கிவர்' சின்னப் புத்தகம், சண்டை இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடாதீர்கள். அதன் 19-ஆம் அத்தியாயத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. ஆனால் பல பிள்ளைகளை அதிகம் கலங்கடிப்பது அதுதான். படித்த அன்றைக்குப் பேச ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அட்டையை நம்பி வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015-இல் இளையோர் நூலாக வந்து, 2020-இல் புது அட்டையோடு பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றப்பட்டது. பாலியல் காட்சிகள் விரிவாக உள்ள தொடர் அது. பழைய பரிந்துரைப் பட்டியல்களில் இன்னமும் இளையோர் தலைப்பின் கீழேயே கிடக்கும்.

7. 'ஹங்கர் கேம்ஸ்'க்கு முன்கதைகள் வந்திருக்கே, அதை முதல்ல படிச்சா வரிசையா இருக்குமே?

வேண்டாம், வெளியான வரிசையிலேயே படியுங்கள்: 2008, 2009, 2010-இல் வந்த மூன்று, பிறகு 2020, 2025. 2020-இல் வந்தது பிற்கால அதிபர் ஸ்னோவின் இளமைக் கதை, பத்தாவது போட்டியின் காலம். 2025-இல் வந்தது, பின்னாளில் காட்னிஸுக்கு வழிகாட்டியாகும் ஹேமிட்ச் சிறுவனாகக் கலந்துகொண்ட ஐம்பதாவது போட்டி. அந்த ஆண்டு மட்டும் 24-க்குப் பதில் 48 பேர்.

மூன்றாவது புத்தகத்தில் காட்னிஸ் பாடும் தூக்குமரப் பாட்டு எங்கே பிறந்தது என்பது 2020 புத்தகத்தில் தெரியவரும். பாட்டை முதலில் கேட்டவர்களுக்குத்தான் அந்த இடம் சிலிர்க்கும். ஹேமிட்ச் ஏன் குடிக்கிறான் என்பதும் அதேபோல்.

8. குலுக்கல்ல ஆளுக்கு ஒரு சீட்டுதானே? காட்னிஸ் பேர் எப்படி இருபது தடவை இருக்கு?

பலரும் வேகத்தில் தாண்டிப் போகும் இடம். 12 வயதில் ஒரு சீட்டு, 13-இல் இரண்டு, இப்படி ஆண்டுக்கு ஒன்று கூடி 18 வயதில் ஏழு. இது எல்லோருக்கும் பொது. வீட்டில் பசி என்றால் கூடுதல் சீட்டு போட்டு, ஒருவருக்கு ஒரு வருடத்துக்கான சொற்ப தானியமும் எண்ணெயும் வாங்கலாம். குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை கூடுதல் சீட்டு போடலாம், அதுவும் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும்.

காட்னிஸ் வீட்டில் மூன்று பேர். 12 முதல் 16 வயதுவரை ஐந்து ஆண்டுகள்: பொதுச் சீட்டு 5, கூடுதல் 15, ஆக 20. அவளுடைய வேட்டைத் தோழன் கேல் வீட்டில் ஐந்து பேர், அவனுக்கு 18 வயது: 7-உம் 35-உம் சேர்ந்து 42. தங்கை பிரிமுக்கு ஒன்றே ஒன்று. பெயருக்குத்தான் அது குலுக்கல். ஏழைப் பிள்ளைகள் பக்கம் சாய்த்து வைத்த தராசு. பசித்தவனையும் வயிறு நிறைந்தவனையும் ஒருவரையொருவர் வெறுக்க வைக்கவே இந்த ஏற்பாடு என்று முதல் அத்தியாயத்திலேயே கேல் பொருமுகிறான். அந்தப் பொருமல் எங்கே போய் முடிகிறது என்பது 13-ஆம் பதிலில்.

9. இது ஜப்பான்காரன் எழுதின 'பேட்டில் ராயல்' காப்பிதானே?

வெளித்தோற்றம் ஒன்றுதான். கோஷுன் தகாமியின் அந்த நாவல் 1999-இல் வந்தது: 42 மாணவர்கள், ஒரு தீவு, கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்ச வேண்டும். தன் நாவலை எழுதிக் கொடுக்கும்வரை அதைக் கேள்விப்பட்டதே இல்லை என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். கிரேக்கப் புராணத்தில் மினோட்டார் என்ற அசுர மிருகத்துக்குப் பலியாக இளைஞர்கள் அனுப்பப்படும் தீசியஸ் கதையும், தொலைக்காட்சியில் ரியாலிட்டி நிகழ்ச்சிக்கும் இராக் போர்க் காட்சிக்கும் இடையே மாறி மாறித் திருப்பிய ஓர் இரவும்தான் தூண்டுதல் என்பது அவர் தரும் விளக்கம்.

படித்தால் வேறுபாடு தெரியும். தகாமியின் நாவலில் கூடப் படித்தவர்களையே கொல்ல வேண்டியிருக்கிறது, அந்தத் துரோகம்தான் மையம். போட்டி நேரலையில் ஓடுவதில்லை. இங்கே கேமராதான் மையம். காட்னிஸ் முத்தமிடுவதும் அழாமல் இருப்பதும்கூட, பார்ப்பவர்கள் பரிசு அனுப்புவார்களா என்ற கணக்கோடு நடக்கிறது.

10. தாய்லாந்து போராட்டத்துல மூணு விரல் காட்டினாங்களே, அது இந்தக் கதையிலேர்ந்தா?

ஆமாம். 2014 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் தாய்லாந்திலும், 2021-க்குப் பின் மியான்மரிலும் அதே சைகை எதிர்ப்பின் அடையாளமானது. புத்தகத்தில் அது முதலில் எதிர்ப்பே அல்ல. இடது கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் வைத்து நீட்டுவது, நன்றியும் மதிப்பும் பிரியாவிடையும் சேர்ந்த பழைய வழக்கம், இழவு வீடுகளில் எப்போதாவது காண்பது.

11. படமே பார்த்தாச்சு. இனிமே புத்தகம் எதுக்கு?

இரண்டும் ஒரே கதை இல்லை என்பதால். 2012 படத்தில் அதிபர் ஸ்னோ ரோஜாத் தோட்டத்தில் பேசும் காட்சிகளும் கட்டுப்பாட்டு அறையும் வரும். புத்தகத்தில் அவை கிடையவே கிடையாது. காட்னிஸ் அங்கே இல்லையே (5-ஆம் பதில்). படத்தில் நாம் அவளைவிட அதிகம் தெரிந்தவர்கள். புத்தகத்தில் அவளோடு சேர்ந்து குருடர்கள்.

'தி கிவர்' இன்னும் கூர்மையான உதாரணம். ஆரம்பத்தில் நாயகனான சிறுவன் ஜோனாஸ் ஓர் ஆப்பிளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறான். காற்றில் அது ஒரு கணம் 'மாறுகிறது'. என்ன மாறியது என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பல அத்தியாயங்கள் கழித்துத்தான் அந்த ஊரில் யாருக்கும் நிறமே தெரியாது என்பது உறைக்கும். அதுவரை நம் மனதில் நாமாக வண்ணம் பூசிக்கொண்டு படித்திருப்போம். 2014 படம் கறுப்பு வெள்ளையில் தொடங்குகிறது. வேறு வழியில்லை, ஆனால் ரகசியம் முதல் நிமிடத்திலேயே போய்விட்டது. எனவே இந்த ஒன்றை மட்டுமாவது படத்துக்கு முன் படித்துவிட வேண்டும்.

12. ரூ-வை நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன். படத்துல மாத்திட்டாங்களா?

மாற்றவில்லை. போட்டியில் காட்னிஸோடு கூட்டுச் சேரும் சிறுமி ரூவுக்கு அடர் பழுப்பு நிறத் தோலும் கண்களும் என்று புத்தகத்தில் எழுதியே இருக்கிறது. 2012-இல் கறுப்பினச் சிறுமி ஒருவர் நடித்ததும் சில ரசிகர்கள் சமூக ஊடகத்தில் எரிச்சலாக எழுதி, வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பிசகின இடத்தைக் காட்ட முடியும்: நிறத்தைச் சொன்ன கையோடு, உருவத்திலும் நடத்தையிலும் பிரிமைப் போல இருக்கிறாள் என்கிறாள் காட்னிஸ். பிரிமுக்குப் பொன்னிற முடி. வேகமாகப் படித்தவர்கள் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சிறுமியாக வரைந்துவிட்டார்கள். வெள்ளைத் தோலே இயல்பு என்ற பழக்கம் மீதியைச் செய்தது.

13. ஏன் எல்லாத்துலயும் ஒரு பொண்ணு, ரெண்டு பையன்? கடுப்பா இருக்கு.

கடுப்பு நியாயமானதா என்று பார்க்க, இரண்டில் ஒரு பையனைக் கதையிலிருந்து தூக்கிவிட்டு யோசியுங்கள். கதை அப்படியே நின்றால் அது வெறும் ஒட்டுவேலை. அந்த மாதிரி நிறைய இருக்கின்றன.

'ஹங்கர் கேம்ஸ்' இந்தச் சோதனையில் தேறும். 8-ஆம் பதிலில் பொருமிய கேல், மூன்றாவது புத்தகத்தில் ஒரு பொறியை வடிவமைக்கிறான்: முதல் குண்டு வெடித்து, காப்பாற்ற ஆட்கள் ஓடி வந்ததும் இரண்டாவது வெடிக்கும். அதே முறையிலான குண்டில்தான் பிரிம் சாகிறாள். அவனுடைய குண்டுதானா என்று அவனுக்கே தெரியவில்லை. இன்னொரு பையன் பீட்டா, பசித்துக் கிடந்த காட்னிஸுக்கு அடி வாங்கிக்கொண்டு ரொட்டி எறிந்தவன். காட்னிஸ் யாரைக் காதலிக்கிறாள் என்ற கேள்வி, எப்படிப்பட்ட கோபத்தோடு வாழ்வது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

14. 'டைவர்ஜென்ட்' உலகத்தை நம்பவே முடியல. ஒரு ஆளுக்கு ஒரு குணம்தானா?

சிகாகோ நகரத்தில் தன்னலமின்மை, அமைதி, நேர்மை, துணிவு, அறிவு என ஐந்து பிரிவுகள். 16 வயதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆட்சி முறையாகப் பார்த்தால் ஒரு வாரம் தாங்காது. வெரோனிகா ராத் கல்லூரி மாணவியாக இருந்தபோது எழுதியது இது (வெளியீடு 2011). அந்த வயதின் பயமாகப் படித்தால் நிற்கும்: வீட்டை விட்டு விலகும் தேர்வு, மாற்றிக்கொள்ள முடியாத முடிவு.

பிசகு பிறகுதான் வருகிறது. மூன்றாவது புத்தகம், நகரமே ஒரு மரபணுச் சோதனை என்று விளக்குகிறது. மனிதர்கள் தேர்வால் பிரிந்தார்கள் என்று இரண்டு புத்தகங்களாக நம்பியவர்களிடம், காரணம் ரத்தத்தில் இருக்கிறது என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? விளக்காமலே விட்டிருக்கலாம்.

15. மூணாவது புத்தகம் மட்டும் ஏன் இப்படிச் சொதப்புது?

எல்லாச் சொதப்பலும் ஒரே வகை இல்லை. 'ஹங்கர் கேம்ஸ்' தொடரின் மூன்றாவது புத்தகமான 'மாக்கிங்ஜே' (2010) பற்றிய வழக்கமான புகார்: புரட்சி எங்கோ நடக்கிறது, காட்னிஸ் மயக்க மருந்தில் கிடக்கிறாள், அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறாள். 5-ஆம் பதிலில் சொன்ன அதே உத்திதான் இங்கே கழுத்தைப் பிடிக்கிறது. அவள் இல்லாத இடத்துக்கு நாம் போக முடியாது. முதல் புத்தகத்தில் வேகம் தந்தது, மூன்றாவதில் மூச்சுமுட்டலைத் தருகிறது. போரில் உடைந்துபோன 17 வயதுப் பெண்ணின் தலைக்குள் இருப்பது அப்படித்தான் இருக்கும். பிடிக்காமல் போகலாம், ஆனால் கைதவறிச் செய்தது அல்ல.

'டைவர்ஜென்ட்' தொடரின் மூன்றாவதான 'அலீஜியன்ட்' (2013) வேறு. முதல் இரண்டு புத்தகங்களை நாயகி ட்ரிஸ் மட்டுமே சொன்னாள். இதில் திடீரென்று அவள் காதலன் டோபியாஸும் 'நான்' என்று பேசுகிறான். எதற்கு இரண்டாவது குரல் என்று யோசித்தவர்கள் ட்ரிஸ் இறக்கப் போகிறாள் என்பதை முன்பே ஊகித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு இரண்டு குரலும் ஒரே மாதிரி. யார் பேசுவது என்று அத்தியாயத் தலைப்பைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது கைத்திறன் குறை. ட்ரிஸ் சாவதில் தவறில்லை.

16. 'கிவர்' கடைசியில ஜோனாஸ் செத்துட்டானா, இல்லையா?

அந்த ஒரு புத்தகத்தை மட்டும் வைத்துச் சொன்னால் முடிவு திறந்தே இருக்கிறது. பனி, பசி, கையில் குழந்தை கேப்ரியல், சறுக்குவண்டி, தூரத்தில் விளக்குகளும் இசையும். ஊரின் பழைய நினைவுகளைக் காக்கும் முதியவரிடமிருந்து அவன் முதன்முதலில் பெற்ற நினைவிலும் பனியும் சறுக்குவண்டியும்தான் இருந்தன என்பதால், இது சாகும் மூளையின் கனவு என்று படிப்பவர்களுக்கும் ஆதாரம் இருக்கிறது.

லோயிஸ் லோரி பிறகு மூன்று புத்தகங்கள் எழுதினார்: 2000, 2004, 2012. அவற்றின்படி இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். 2012-இல் வந்த 'சன்' சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. திறந்த முடிவு பிடித்திருந்தால் முதல் புத்தகத்தோடு நிற்பதில் நஷ்டம் ஏதும் இல்லை.

17. ஊரே கொண்டாடுது, எனக்கு மட்டும் பிடிக்கல. என்கிட்டதான் குறையா?

முதலில் எந்தப் பக்கத்தில் கை விட்டுப்போனது என்று தேடுங்கள். படிக்கும்போதே பென்சிலில் மூன்று குறிகள் போதும்: இழுத்த இடத்துக்கு ஒரு கோடு, நம்ப முடியாத இடத்துக்குக் கேள்விக்குறி, புரட்டித் தள்ளிய இடத்துக்குப் பெருக்கல் குறி. முடித்ததும் புரட்டிப் பாருங்கள். கேள்விக்குறிகள் முன்பகுதியில் குவிந்தால் அந்த உலகத்தின் விதி உங்களுக்கு ஒட்டவில்லை (14-ஆம் பதில்). பெருக்கல் குறிகள் ஒரே பாத்திரத்தின் அத்தியாயங்களில் குவிந்தால் சிக்கல் குரலில் (15). குறிகளே இல்லாமல் கடைசி முப்பது பக்கத்தில் மட்டும் கோபம் என்றால், நீங்கள் விரும்பிய முடிவு கிடைக்காத கோபம் அது. புத்தகத்தின் குறையா என்று ஒரு வாரம் கழித்துத் தீர்மானியுங்கள்.

மற்றவர்கள் கருத்தைப் படிக்குமுன் உங்களுடையதை நாலு வரி எழுதி வைத்துவிட வேண்டும். வரிசை மாறினால் எது உங்கள் எண்ணம், எது ஒட்டிக்கொண்டது என்று பிரிக்க முடியாது.

18. முடிவைப் போட்டு உடைக்காம எப்படிக் கருத்து எழுதறது?

நிகழ்வுகளை முதல் கால்பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள். அதற்குப் பின் வருவதற்கு, நடந்ததைச் சொல்லாமல் உங்களுக்கு ஆனதையும் அதற்குக் காரணமான உத்தியையும் சொல்லுங்கள். 'கடைசியில் அவள் சாவது பிடிக்கவில்லை' என்பதற்குப் பதில் 'இரண்டு குரல்களும் ஒன்றுபோல இருந்ததால் கடைசிப் பகுதியின் கனம் எனக்குள் இறங்கவில்லை' என்று எழுதலாம். 'யாரும் எதிர்பார்க்காத திருப்பம்' என்று எழுதுவதும் ஒரு வகையில் உடைப்பதுதான். படிப்பவர் அதற்கே காத்திருப்பார்.

முடிவைப் பேசியே ஆக வேண்டும் என்றால் எந்தப் புத்தகத்தின் முடிவு என்று பெயர் சொல்லி எச்சரியுங்கள். தொடர்களில் இரண்டாவது புத்தகத்தின் பின்னட்டைக் குறிப்பே முதல் புத்தகத்தில் பிழைத்தவர் யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அந்தக் குறிப்பை அப்படியே எடுத்துப் போடுவதையும் தவிர்க்கவும்.